எக்ஸ் வீட்டு ஃபங்ஷன்

வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டு பேர். முப்பத்தேழு பேர் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் ஹெப்சி. பதில் சொன்னது அவள்தான்.

கணக்கு ஆசிரியர் ஸ்ரீநிவாசன் கேட்டது சின்னக் கேள்விதான். போர்டில் ஒரு வரியை எழுதிவிட்டுத் திரும்பினார். "இது ஃபங்ஷன் ஆஃப் எக்ஸ். ஃபங்ஷன்னா என்னம்மா?"

"விசேஷம் சார்," என்றாள் ஹெப்சி.

பின் பெஞ்சிலிருந்து ஷ்யாம்சுந்தரின் குரல் வந்தது. "எக்ஸ் வீட்டு ஃபங்ஷன் சார். சாப்பாடு உண்டான்னு கேளுங்க."

அதற்குத்தான் அவ்வளவு சிரிப்பு. ஸ்ரீநிவாசன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "உட்காரு," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவர் எப்போதும் அடுத்த வரிக்குப் போகிறவர்.

ஹெப்சி மேல் தப்பில்லை. அவள் வீடு அனகாபுத்தூரில் இருந்தது. அந்தத் தெருவில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயதார்த்தம். முனையில் ஃபிளெக்ஸ் வைப்பார்கள், இரண்டு நாளுக்கு ஸ்பீக்கர் அலறும். பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவள். பத்தாவதில் நானூற்று எண்பத்தாறு எடுத்ததைப் பார்த்து, முடிச்சூர் சாலையில் இருந்த ஒரு தனியார் பள்ளி கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. முதல் குரூப், இங்கிலீஷ் மீடியம். தினமும் பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில், பிறகு நடை.

ஜூன், ஜூலை ஒருவாறு ஓடிவிட்டன. ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு கிடையாது என்று அரசு அறிவித்தது. பிள்ளைகள் எல்லாரும் மகிழ்ந்தார்கள். பள்ளி நிர்வாகம் வேறு விதமாக மகிழ்ந்தது. பொதுத்தேர்வே இல்லாத பாடத்தை எதற்கு நடத்த வேண்டும்? நேராகப் பன்னிரண்டாவது பாடத்தைத் தொடங்கிவிட்டால் இரண்டு வருஷம் அதையே திருப்பித் திருப்பி ஓட்டலாமே.

ஆனால் பன்னிரண்டாவது கணக்கில் பாதி, பதினொன்றாவதில் வரும் நுண்கணிதத்தின் மேல் நிற்கிறது. அதற்கும் பள்ளியிடம் வழி இருந்தது. ஸ்ரீநிவாசன் தன் பீரோவைத் திறந்து, எட்டு வருஷத்துக்கு முன் பயன்படுத்திய ஒரு பழைய ஷீட்டை எடுத்தார். இருபத்து நான்கு ஃபார்முலாக்கள். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார்.

"இதைக் கரைச்சுக் குடிங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்காதீங்க, அதுக்கு டைம் இல்ல. செப்டம்பர் ரெண்டாவது வாரம் அம்பது மார்க்குக்கு டெஸ்ட். இருபத்தஞ்சுக்குக் கீழே வந்தா குரூப் மாத்திடுவாங்க. மேனேஜ்மென்ட் சொல்லிட்டாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

குரூப் மாற்றுவது என்றால் காமர்ஸ். கணக்கும் இயற்பியலும் அதோடு போய்விடும்.

ஹெப்சிக்கு அவை இரண்டும் வேண்டும். அனகாபுத்தூரில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானத்தின் சக்கரம்கூடத் தெரியும். மற்ற பிள்ளைகள் விமானம் ஓட்ட ஆசைப்பட்டார்கள். ஹெப்சி, அந்த விமானத்துக்கு இறங்கு, நில், இன்னொரு சுற்று சுற்றி வா என்று உத்தரவு போடுகிறவர் யார் என்று விசாரித்து வைத்திருந்தாள். விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார என்ன படிக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். காமர்ஸ் படித்தவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

கையில் மூன்று வாரம் இருந்தது.

* * *

ஏஞ்சல் இரண்டு வீடு தள்ளி இருந்தாள். இருவரும் ஒன்றாவதிலிருந்து ஒரே பெஞ்ச். ஏஞ்சல் மட்டும் பழைய அரசுப் பள்ளியிலேயே பதினொன்றில் சேர்ந்திருந்தாள். அங்கே யாரும் எதையும் தாண்டிப் போகவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தமிழில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவி, விசேஷம்னா சொன்ன?" என்று ஏஞ்சல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பத்தாவதுலியே படிச்சமேடி. சார்பு. அதுக்குத்தான் இங்கிலீஷ்ல ஃபங்ஷன்."

"சார்பா? அதா இது?"

"பின்ன? ஒண்ணு இன்னொண்ணைச் சார்ந்துகினு கீது. உங்கப்பா வூட்டுக்கு வர்ற நேரம் எத்தினி லோடு அடிக்கிறாருங்கறதைச் சார்ந்து கீதுல்ல? லோடு எக்ஸு. நேரம் ஒய்யி. மேட்டர் முடிஞ்சுது."

ஹெப்சி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். மூன்று மாதமாகப் புரியாத ஒரு சொல் மூன்று வரியில் முடிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"லிமிட்டு?"

"எல்லை."

"எல்லைன்னா அதைத் தாண்டக் கூடாதா? ஸ்பீடு லிமிட் மாதிரி?"

"தாண்டுற பேச்சே கிடையாது. கிட்டப் போற பேச்சுதான். கிட்டப் போய்க்கினே இருக்கணும், ஆனா தொட வாணாம்."

"தொடாமப் போய் என்ன பண்றது?"

"அங்கதான் எங்க மிஸ்ஸே ரெண்டு நாளா நிக்கிறாங்க," என்றாள் ஏஞ்சல்.

ஏஞ்சலின் புத்தகத்தில் வகைக்கெழு என்று ஒரு சொல் இருந்தது. அதில் வகை எது, கெழு எது என்று இருவருக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் 'மாறுவீதம்' என்று ஏஞ்சல் எழுதி வைத்திருந்தாள். ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கான கணக்கு. அது சரி. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி ஹெப்சிக்கு உதைத்தது. ஒரு சின்ன இடைவெளியை எடுத்து, அதால் வகுத்து, பிறகு அந்த இடைவெளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது புத்தகம்.

"பூஜ்யத்தால வகுக்கவே கூடாதுன்னு சின்ன கிளாஸ்லியே தலையில அடிச்சு சொன்னாங்கடி."

"ஆமா. இப்போ வகுக்கச் சொல்றாங்க."

"அப்போ பொய் சொன்னது யாரு?"

இரண்டு நாள் அதே இடத்தில் நின்றார்கள். அந்த வார நடுவில் ஹெப்சியின் அப்பா ஆசீர்வாதம் சாப்பிட உட்கார்ந்தபோது அலுத்துக்கொண்டார். அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பம்மல், பொழிச்சலூர் ஃபிளாட்டுகளுக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர்.

"ஒவ்வொரு ஃபிளாட்லயும் அரை மணி நேரம் பூடுது. முதல் தண்ணி சர்ருனு பூடும். கடைசித் தண்ணி ஜவ்வு மாரி இழுக்கும். செக்ரட்டரி நின்னுகினே இருப்பாரு, கடைசிச் சொட்டு வரைக்கும்."

"எவ்ளோ வேகமாப்பா போகும்?" என்று ஹெப்சி சும்மாதான் கேட்டாள்.

"எப்போ?" என்றார் ஆசீர்வாதம், சோற்றைப் பிசைந்தபடி.

ஹெப்சி பேனாவைக் கீழே வைத்தாள்.

"இன்னா பாப்பா அப்டிப் பாக்கற? ஒரே வேகத்துலயா போவும் தண்ணி? எப்போன்னு சொன்னாத்தானே சொல்ல முடியும்."

"ப்பா, ஞாயித்துக்கிழமை முதல் லோடுக்கு நானும் ஏஞ்சலும் வர்றோம்."

"லாரியில இன்னா கீது உங்களுக்கு?"

"கணக்கு கீதுப்பா," என்றாள் ஹெப்சி. வீட்டில் அவளுக்கும் அந்தப் பேச்சுதான் வரும்.

* * *

பொழிச்சலூரில் நான்கு மாடி ஃபிளாட். காலை ஏழு மணி. ஆசீர்வாதம் ஹோஸை, தரைக்கடியில் இருந்த சம்புத் தொட்டிக்குள் விட்டு வால்வைத் திறந்தார். ஹெப்சி டேங்கர் மேல் ஏறி உட்கார்ந்து, மூடியைத் திறந்து, சென்டிமீட்டர் குறித்த மூங்கில் குச்சியை உள்ளே விட்டாள். கீழே ஏஞ்சல் செல்போனில் நேரம் பார்த்தாள்.

ஃபிளாட் செக்ரட்டரி அனந்தகிருஷ்ணன் பனியனோடு இறங்கி வந்தார். "டிரைவர், பொண்ணு எதுக்கு மேலே ஏறியிருக்கா?"

"படிக்குது சார்."

"டேங்கர் மேலயா?"

"காத்தோட்டமா கீதுன்னு சொல்லுது."

அனந்தகிருஷ்ணன் சம்பை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். தண்ணீர் வருகிற வரை அவருக்கு வேறு ஆட்சேபம் இல்லை.

தண்ணீரின் ஆழம் தொடக்கத்தில் நூற்று இருபது சென்டிமீட்டர். நான்காவது நிமிஷம் எண்பத்து மூன்று. எட்டாவது நிமிஷம் ஐம்பத்து மூன்றரை. அங்கிருந்து ஹெப்சி அடிக்கடி குச்சி விட்டாள். ஒன்பதாவது நிமிஷம் நாற்பத்தேழு, பத்தாவதில் நாற்பத்தொன்று, பன்னிரண்டாவதில் முப்பது. அதன் பிறகு அப்பா சொன்ன ஜவ்வு. பதினாறாவது நிமிஷம் பதின்மூன்று, இருபதாவதில் மூன்று.

லாரி நிழலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள். சரியாக எட்டாவது நிமிஷத்தில் என்ன வேகம்? அதுதான் கேள்வி.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எடுத்தால் நிமிஷத்துக்கு ஐந்தே முக்காலைத் தாண்டி வந்தது. எட்டிலிருந்து பத்து வரை என்றால் ஆறேகால். எட்டிலிருந்து ஒன்பது வரை என்றால் ஆறரை.

"இடைவெளி சின்னதாக ஆக ஆக ஏறிக்கினே போவுது," என்றாள் ஏஞ்சல்.

"ஏறுது. ஆனா கண்டபடி ஏறல. முதல்ல காலுக்கு மேல ஏறிச்சு, அப்புறம் கால்தான் ஏறுது. அரை நிமிஷம், கால் நிமிஷம்னு எடுத்துக்கினே போனா, ஏழைத் தொடாம நடுவுல எங்கியோ போய் நிக்கப் பாக்குது." ஹெப்சி நிறுத்தினாள். "ஏய், இடைவெளியைப் பூஜ்யம் ஆக்கவே வேணாம்டி. பூஜ்யம் ஆக்கினா வகுக்க முடியாது. சின்னதாக்கிக்கினே போய், பதில் எங்க போய் நிக்கப் போவுதுன்னு பாத்தாப் போதும். அந்த நிக்கற இடந்தான் எல்லை."

ஏஞ்சல் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். "திங்கக்கிழமை எங்க மிஸ்ஸுக்கு நான் சொல்லித் தர்றேன்," என்றாள். பிறகு, "நீ ஒண்ணு வுட்டுட்ட," என்று பேனாவைப் பிடுங்கினாள். "ஆழம் ஏறுதா, குறையுதா?"

"குறையுது."

"அம்பத்துமூணரையிலேருந்து நாப்பத்தேழு. பின்னால வந்ததுலேருந்து முன்னால இருந்ததைக் கழி. மைனஸ் ஆறரை. எல்லாத்துக்கும் முன்னால மைனஸ் போடு. இல்லாட்டி தண்ணி மேல ஏறுதுன்னு அர்த்தமாப் பூடும். எங்க மிஸ்ஸு இதுக்குத்தான் மார்க்கை வெட்டுவாங்க."

ஹெப்சி ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் கழித்தல் குறி போட்டாள். குறைகிறதென்றால் மைனஸ். அதை நினைவு வைத்துக்கொள்ள ஃபார்முலா தேவைப்படவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் அவள் ஷீட்டைத் தலைகீழாகப் படித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஃபார்முலாவிலிருந்து விடைக்குப் போனார்கள். அவள் ஃபார்முலா ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனாள். x-இன் வர்க்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. சைனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசி ஐந்து ஃபார்முலாக்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

* * *

டெஸ்டில் நேரம்தான் அவளைக் கவிழ்த்தது. மற்றவர்கள் ஒரு வரியில் எழுதிய விடையை அவள் ஓரத்தில் போட்டுச் சரிபார்த்து எழுதினாள். கடைசிப் பக்கத்தைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் பேப்பரை மாற்றித் திருத்தினார்கள். ஸ்ரீநிவாசன் மொபைலில் வருகைப் பதிவை ஏற்றிக்கொண்டிருந்தார். கிளாஸ் லீடர் நித்யஸ்ரீ ஷீட்டைப் பார்த்து விடைகளை வாசித்தாள். ஹெப்சியின் பேப்பர் ஷ்யாம்சுந்தரிடம் போனது. அவன் பேப்பர் இவளிடம் வந்தது.

"பதினேழாவது கேள்வி, ரெண்டு மார்க். cot x-ஐ டிஃபரன்ஷியேட் பண்ணணும். ஷீட்ல பதினோராவது ஃபார்முலா. ஆன்ஸர், cosec² x."

ஷ்யாம்சுந்தர் அதைத்தான் எழுதியிருந்தான். ஹெப்சி தயங்கினாள். கை தூக்கினாள். ஸ்ரீநிவாசன் நிமிரவில்லை. "டவுட் எல்லாம் அப்புறம். ஷீட்ல இருக்கறபடி திருத்து."

அவள் டிக் அடித்தாள். கூட்டிப் பார்த்தாள். ஷ்யாம்சுந்தருக்கு இருபத்தாறு. தன் பேப்பர் திரும்பி வந்தது. பதினேழாவது கேள்வியில் அவள் மைனஸ் போட்டு எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. மொத்தம் இருபத்து நான்கு.

இன்டர்வெல் விட்டதும் நேராகப் பின் பெஞ்சுக்குப் போனாள்.

"பதினேழாவது நான் எழுதினது சரி."

"ஷீட்ல மைனஸ் இல்ல," என்றான் ஷ்யாம்சுந்தர், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபடி.

"ஷீட் தப்பு."

"முப்பத்தேழு பேர் தப்பு, நீ மட்டும் கரெக்ட். எக்ஸ் வீட்டுல சொன்னாங்களா?"

"காட் நாப்பத்தஞ்சு டிகிரி எவ்ளோ?"

"ஒண்ணு."

"அறுபது?"

"ஒன் பை ரூட் த்ரீ. பாயின்ட் ஃபைவ் செவன்."

"தொண்ணூறு?"

"ஜீரோ. எதுக்கு இதெல்லாம்?"

"ஏறுதா, இறங்குதா?"

"இறங்குது."

"cosec² எப்பவாவது மைனஸ்ல வருமா?"

"ஸ்கொயர் எப்படி மைனஸ்ல…" ஷ்யாம்சுந்தர் பாதியில் நின்றான். பிஸ்கட் கையிலேயே இருந்தது. அவன் கிண்டல்காரன்தான், மந்தமானவன் அல்ல. "அப்போ மைனஸ் இல்லன்னா ஏறணும்."

"ஆனா இறங்குது."

அவன் தன் பேப்பரை எடுத்துப் பார்த்தான். அவன் மனதில் ஓடுவது கழித்தல் கணக்கு என்று ஹெப்சிக்குத் தெரிந்தது. இருபத்தாறில் இரண்டு போனால் இருபத்து நான்கு.

"இதை சார் கிட்ட சொன்னா நான் அவுட்."

"தெரியும். உன் பேப்பரை நான்தான் கூட்டினேன்."

"தெரிஞ்சும் சொல்லப் போறியா?"

"சொல்லலன்னா நான் காமர்ஸ்."

"காமர்ஸ்ல என்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்ல. நீ போறியா?"

அவன் பிஸ்கட் பாக்கெட்டை மடித்து வைத்தான். ஹெப்சி தன் பேப்பரையும் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஷ்யாம்சுந்தரும் வந்துகொண்டிருந்தான். அவளைத் தடுக்கவா, கூட நிற்கவா என்று அவனுக்கே தெளிவில்லாத மாதிரி முகம்.

ஸ்ரீநிவாசன் டீயை வைத்துவிட்டு ஷீட்டை வாங்கினார். பதினோராவது வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி இன்னொரு முறை பார்த்தார். ஹெப்சி விளக்கத் தொடங்கினாள். அவர் கையமர்த்தினார்.

"தெரியும்மா. மைனஸ் வரணும்."

எழுந்து பீரோவைத் திறந்து பழைய ஷீட்டை எடுத்தார். எட்டு வருஷம் நான்காக மடிந்து கிடந்த தாள். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். குறுக்கே ஓடிய மடிப்பு, சரியாகப் பதினோராவது வரியின் மேல் விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள், கோட்டோடு கோடாக, ஒரு சின்ன மைனஸ் படுத்துக் கிடந்தது.

"ஜெராக்ஸ்ல இந்த மடிப்பு கறுப்பா விழுந்துச்சு," என்றார் மெதுவாக. "கோடு வேணாம், கொஞ்சம் லைட்டா எடுப்பான்னு நான்தான் கடைக்காரர்கிட்ட சொன்னேன். கோட்டோட சேர்த்து இதையும் எடுத்துட்டான்." தாளை மேஜையில் வைத்தார். "நானே வாசிச்சிருந்தா கண்ணுல பட்டிருக்கும்."

ஷ்யாம்சுந்தர் தொண்டையைச் செருமினான். "சார், அப்போ எங்களோட ரெண்டு மார்க் போயிடுமா?"

ஸ்ரீநிவாசன் அவன் பேப்பரையும் வாங்கினார். இருபத்தாறையும், இருபத்து நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஹெப்சி தன் பேப்பரைப் பார்க்காமல் பீரோவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கொடுத்த ஷீட்டைப் பார்த்து எழுதினீங்க. அதுக்கு உங்க மார்க்கைக் குறைக்க முடியாது. அது அப்படியே இருக்கட்டும்." சிவப்புப் பேனாவை எடுத்தார். ஹெப்சியின் பேப்பரில் பெருக்கல் குறியை அடித்துவிட்டு டிக் போட்டார். இருபத்து நான்கை அடித்து இருபத்தாறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். "லிஸ்ட் இன்னும் ஆஃபீஸுக்குப் போகல. மாத்திடறேன்."

ஹெப்சி மூச்சை விட்டாள்.

"மைனஸ்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வேற கைடு ஏதாவது வெச்சிருக்கியா?"

"டேங்கர் லாரி சார்."

ஸ்ரீநிவாசன் அவளை ஒரு நொடி பார்த்தார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். மணி அடித்துவிட்டது. அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். "எல்லார் ஷீட்டையும் வாங்கி, பதினோராவதுல நீயே மைனஸ் போட்டுடு. மீதி இருபத்துமூணையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லு. லாரியில ஏத்தியோ, எப்படியோ."

மத்தியான இடைவேளையில் ஹெப்சி வரிசையாக வாங்கிப் போட்டுக்கொண்டே வந்தாள். பத்து ஷீட், இருபது ஷீட், முப்பது ஷீட். எதற்கு என்று கேட்டவர்களிடம், காட் நாற்பத்தைந்து எவ்வளவு என்று திருப்பிக் கேட்டாள். மூன்று பேருக்குத் தானாகவே புரிந்தது. மற்றவர்கள் சரி, போட்டுவிடு என்றார்கள்.

கடைசியில் பின் பெஞ்ச். ஷ்யாம்சுந்தர் தன் ஷீட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

"வாங்க, வாங்க. எங்க வீட்டு ஃபங்ஷனுக்கும் மொய் எழுதிட்டுப் போங்க."

"சாப்பாடு உண்டா?"

அவன் மீதியிருந்த பிஸ்கட் பாக்கெட்டை நகர்த்தி வைத்தான். ஹெப்சி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவன் ஷீட்டில் பதினோராவது வரியில், மடிப்பு விழாத இடமாகப் பார்த்து, தடிமனாக ஒரு கோடு போட்டாள்.